வீட்லயே ட்யூப் கட்டிங் மெஷின் செய்யறது: 25×25 ஸ்கொயர் ட்யூப், பிசிறு இல்லாம வெட்டணும்

#1 சூலூர்_பட்டறை

வணக்கமுங்க. ரொம்ப நாளா இங்க படிச்சுட்டு மட்டும் இருந்தேன், இப்பத்தான் முதல் தடவை எழுதறேன், நீளமா போச்சுன்னா பொறுத்துக்கங்க. சூலூர் பக்கம் சின்னதா ஒரு ஃபேப்ரிகேஷன் பட்டறை, நானும் ஒரு தம்பியும் தான். மாடித்தோட்ட ஸ்டாண்டு, நர்சரிக்கு ரேக்கு இதுதான் நம்ம வேலை. எல்லாமே 25×25 ஸ்கொயர் ட்யூப் 16 கேஜ் (சுவரு 1.6 எம்எம்), கொஞ்சம் 1 இன்ச் ரவுண்டு பைப். ஒரு நாளைக்கு 300, 350 துண்டு வெட்ட வேண்டி வருது.

இப்ப வெட்டறது 14 இன்ச் கட்டிங் மெஷின்ல, அதாவது சாணைக்கல்லு மாதிரி வட்டை போட்டு நெருப்பு பறக்குமே அதுதான். வெட்டறதுக்கு ஆகற நேரத்தை விட பிசிறு எடுக்கறதுக்கு ஆகற நேரம் ஜாஸ்தி. உள் பக்கமும் பிசிறு, வெளியவும் பிசிறு. புது வட்டை போட்டா நேரா வெட்டுது, தேய தேய ஒரு நூல் கோணல் விழுது, அந்த கோணலை வெல்டிங்ல ரொப்பி சரி பண்ணி சரி பண்ணி தம்பிக்கு கை ஓஞ்சு போச்சு. பக்கத்து வீட்ல ஒரு கைக்குழந்தை, அந்த சத்தத்துல தூங்கவே மாட்டேங்குதாம், அந்தம்மா வந்து சொல்லிட்டு போனாங்க, கேக்கவே கஷ்டமா இருந்துச்சு.

ரெடிமேடு கோல்டு சா (பல்லு வெச்ச வட்ட பிளேடு மெதுவா சுத்தி, நெருப்பு இல்லாம வெட்டற மெஷின்) விசாரிச்சேன், நம்ம கைக்கு எட்டல. கையில இருக்கறது: 1 எச்பி 3 ஃபேஸ் மோட்டர் 1440 ஆர்பிஎம் (நிமிஷத்துக்கு 1440 சுத்து), உக்கடத்துல பழைய சாமான் கடையில வாங்கி ஒரு வருஷமா கிடக்கிற, சுத்தற வேகத்தை குறைக்கிற வார்ம் கியர்பாக்ஸ் ஒண்ணு (ரேஷியோ தகடு இல்ல), 100 எம்எம் சேனல் ரெண்டு துண்டு, தெருமுனையில நல்ல லேத்துக்காரர். பட்டறையில கரண்டு ஒத்த ஃபேஸ் தான்.

கேள்வி இதுதானுங்க. இருக்கற கட்டிங் மெஷின்லயே பல்லு வெச்ச பிளேடு மாட்டலாமா, இல்ல பேண்ட் சா (ரெண்டு வீல்ல பெல்ட் மாதிரி ஓடற பிளேடு) செய்யலாமா, இல்ல கியர்பாக்ஸை வெச்சு மெதுவா சுத்தற மெஷின் செய்யலாமா?

#2 வடசென்னை_ஃபேப்

அண்ணே பேசாம 14 இன்ச் கார்பைடு பிளேடு வாங்கி அந்த மெஷின்லயே மாட்டுங்க. நம்ம ஏரியால ரெண்டு மூணு பேர் அப்படித்தான் ஓட்டறாங்க, நல்லா வெட்டுது, பிசிறும் கம்மி. புதுசா எதுக்கு மெஷின் செஞ்சுக்கிட்டு.

#3 பழைய_டூல்ரூம்

வேண்டாம் தம்பி. தயவு செஞ்சு அதை மட்டும் செய்யாதீங்க, இதை படிக்கிற வேற யாரும் செய்யாதீங்க.

நான் முப்பது வருஷத்துக்கு மேல டூல் ரூம்ல வேலை பார்த்து ரிட்டயர் ஆனவன், அதனால கொஞ்சம் விளக்கமா சொல்றேன். எதை வெச்சு வெட்டினாலும் முதல்ல பாக்க வேண்டியது பிளேடு விளிம்பு என்ன வேகத்துல ஓடுதுன்னு. விட்டத்தை 3.14 ஆல பெருக்கி, ஆர்பிஎம் ஆல பெருக்கினா ஒரு நிமிஷத்துல விளிம்பு ஓடற தூரம். உங்க கட்டிங் மெஷின் 355 எம்எம் வட்டை, ஆர்பிஎம் 3800 கிட்ட இருக்கும், அப்ப விளிம்பு ஒரு நொடிக்கு 70 மீட்டர் ஓடுது. அந்த வட்டை அதுக்குன்னே செஞ்சது, வட்டையிலேயே 80 மீட்டர்னு அச்சடிச்சிருக்கும் பாருங்க. இரும்பு வெட்டற கார்பைடு பிளேடு அதே 355 சைஸ்ல 1300 ஆர்பிஎம் பக்கம் ஓடறதுக்கு செஞ்சது, நொடிக்கு 24 மீட்டர் தான். அதைப் போய் 3800ல ஓட்டினா மூணு மடங்கு வேகம். பல்லு வெறும் ஒட்டு வெச்சதுதானே, பிச்சுக்கிட்டு பறக்கும். மூணு பேர் ஓட்டறாங்க ஒண்ணும் ஆகலன்னா, இன்னும் ஆகலன்னு தான் அர்த்தம். என் கூட வேலை பார்த்த ஒருத்தருக்கு கண்ணு போனதை நான் நேர்ல பார்த்திருக்கேன்.

மூணாவது வகை எச்எஸ்எஸ் பிளேடு, அதாவது ஹை ஸ்பீடு ஸ்டீல், கோல்டு சாவுல போடறது. அது மைல்டு ஸ்டீலுக்கு நிமிஷத்துக்கு 25லேர்ந்து 30 மீட்டர் போதும், நல்லா பாருங்க, நொடிக்கு இல்ல, நிமிஷத்துக்கு. நொடிக்கு அரை மீட்டர் தான் வருது. நெருப்புப் பொறி கிடையாது, சத்தம் கிடையாது, வெட்டின முகம் கையில தடவினா வழுவழுன்னு இருக்கும். உங்க கைக்குழந்தை பிரச்சினைக்கு இதுதான் தீர்வு. கியர்பாக்ஸ் ரேஷியோ தெரிஞ்சுக்க ரெண்டு ஷாஃப்ட்லயும் பெயிண்ட்ல ஒரு கோடு போடுங்க, இன்புட்டை கையால சுத்துங்க, அவுட்புட் ஒரு முழு சுத்து வர்றதுக்கு இன்புட் எத்தனை சுத்து சுத்துதுன்னு எண்ணுங்க. அதுதான் ரேஷியோ.

#4 வடசென்னை_ஃபேப்

ஐயா இந்த கணக்கு எனக்கு தெரியாது, தப்பா சொல்லிட்டேன். இன்னைக்கே அந்த கடைக்காரங்க கிட்ட போய் சொல்றேன்.

#5 மதுரை_பேண்ட்சா

நான் ரெண்டு வருஷம் முன்னாடி பேண்ட் சா சொந்தமா செஞ்சவன், அதனால என் அனுபவத்தையும் கேட்டுக்கங்க. பேண்ட் சா செய்யறது கஷ்டம் இல்லன்னு எல்லாரும் சொல்லுவாங்க, ஓட வெக்கறது கஷ்டம் இல்ல, நேரா வெட்ட வெக்கறது தான் கஷ்டம். ரெண்டு வீலும் ஒரே தளத்துல இருக்கணும், வீல் முகத்துல லேசா மேடு இருக்கணும் இல்லாட்டி பிளேடு கழண்டுகிட்டே இருக்கும், அப்புறம் கைடு பேரிங், அப்புறம் டென்ஷன். இதெல்லாம் சரி பண்ணியும் பிளேடு மெல்லிசு, வளையற சாமான், கொஞ்சம் மழுங்கினா ஒரு பக்கமா இழுத்துட்டு போகும். கனமான ராடு, 4 இன்ச் பைப்புக்கு பேண்ட் சா மாதிரி வராது. ஆனா 16 கேஜ் ட்யூப் 350 துண்டு, அதுவும் எல்லாம் நேரா வெல்டிங்குக்கு உக்காரணும்னா நான் கோல்டு சா பக்கம் தான் கை தூக்குவேன். என் பேண்ட் சாவுல மெல்லிசு ட்யூபுக்கு இன்ச்சுக்கு 14 பல்லு பிளேடு போட்டாலே பல்லு உடையும், ஏன்னா சுவத்து தடிமன் 1.6 எம்எம், பல்லுக்கு பல்லு இடைவெளி 1.8 எம்எம், சுவரு நேரா ரெண்டு பல்லுக்கு நடுவுல போய் மாட்டிக்கும். 24 பல்லு போட்டா சரியாகும், ஆனா வெட்டறது ஆமை மாதிரி.

#6 மெக்கட்ரானிக்ஸ்_மூணாம்வருஷம்

அண்ணா வணக்கம், நான் காலேஜ்ல மூணாவது வருஷம் படிக்கிறேன். உங்க ப்ராஜெக்ட் படிச்சதும் ரொம்ப ஆர்வமா இருக்கு. ட்யூபை தானா தள்ளி விடறதுக்கு ரெண்டு ரோலர், ஒரு நேமா 23 ஸ்டெப்பர் (அளந்து சுத்தற மோட்டர்), ஒரு இஎஸ்பி32 (குட்டி கன்ட்ரோல் போர்டு) போட்டா நீளத்தை டைப் பண்ணா போதும், தானா தள்ளி, தானா பிடிச்சு, தானா வெட்டிடும். ப்ரோக்ராம் நான் எழுதித் தரேன், காசெல்லாம் வேண்டாம், எனக்கும் கத்துக்கற மாதிரி இருக்கும்.

#7 பழைய_டூல்ரூம்

நல்ல மனசும்மா உனக்கு. அது கண்டிப்பா செய்யலாம், ஆனா கடைசியில. முதல்ல கையால தள்ளி கையால வெட்டி 500 துண்டு ஒரே மாதிரி வரட்டும். கையால வெட்டி நேரா வராத மெஷின் கம்ப்யூட்டர் வெச்சா வேகமா தப்பா வெட்டும். இன்னொண்ணு, ரோலர்ல தள்ளும்போது ட்யூப் எண்ணெய் பிசுக்கா இருந்தா வழுக்கும், மோட்டர் 600 எம்எம் தள்ளிட்டேன்னு நினைக்கும், ட்யூப் 597 தான் வந்திருக்கும். அதனால அளவை ட்யூப் மேலயே உருள்ற தனி சக்கரத்துல எடுக்கணும், இல்ல ஸ்டாப்பர்ல முட்டற வரைக்கும் தள்ளணும்.

#8 சூலூர்_பட்டறை

ஐயா சொன்ன மாதிரி பெயிண்ட் கோடு போட்டு எண்ணினேன், சரியா 40 சுத்து. அப்ப 1440ஐ 40 ஆல வகுத்தா 36 ஆர்பிஎம். 250 எம்எம் பிளேடு போட்டா நிமிஷத்துக்கு 28 மீட்டர் வருது, சரியா இருக்கான்னு பாருங்க. கணக்கு போட்டு முடிச்சப்ப கை நடுங்கிடுச்சு, ஒரு வருஷமா துரு புடிச்சு கிடந்த சாமான் இதுக்குன்னே அளவெடுத்த மாதிரி இருக்கேன்னு.

பிளேடு கடையில கேட்டேன், 250 × 2 × 32 ஓட்டை, 128 பல்லு தான் ஸ்டாக் இருக்காம். வாங்கலாமா? அப்புறம் ஒத்த ஃபேஸ்ல 3 ஃபேஸ் மோட்டர் எப்படி ஓட்டறது?

#9 பழைய_டூல்ரூம்

28 அருமை. 128 பல்லு வேண்டாம். 250 பிளேடோட சுத்தளவு 785 எம்எம், 128 ஆல வகுத்தா 6 எம்எம் இடைவெளி, அது கெட்டி ராடுக்கு. உங்க 1.6 சுவத்துக்கு 200 பல்லு கேளுங்க, 4 எம்எம் பக்கம் வரும். ரெண்டு நாள் காத்திருந்து ஆர்டர் பண்ணி வாங்கினாலும் பரவால்ல. பல்லு கம்மியான பிளேடு மெல்லிசு சுவத்துல பொத்துன்னு விழுந்து கடிக்கும், அடுத்த நொடி நாலு பல்லு இருக்காது.

#10 ஈரோடு_ரீவைண்டிங்

மோட்டர் கேள்விக்கு நான் சொல்றேன். ஒத்த ஃபேஸ் உள்ள குடுத்தா 3 ஃபேஸ் வெளிய குடுக்கிற விஎஃப்டி (மோட்டர் வேகத்தை மாத்தற கருவி) 1 எச்பிக்கு தாராளமா கிடைக்குது. ஆனா ஒரு விஷயத்துல நிறைய பேர் ஏமாந்து போறாங்க. ஒத்த ஃபேஸ் விஎஃப்டி வெளிய குடுக்கறது 230 வோல்ட் 3 ஃபேஸ் தான், 415 இல்ல. நம்ம ஊர் சின்ன மோட்டர் பெரும்பாலும் 415க்கு ஸ்டார்ல கட்டினது (ஸ்டார், டெல்டாங்கறது உள்ள இருக்கற மூணு சுருளை இணைக்கற ரெண்டு விதம்). டெர்மினல் பாக்ஸை திறந்து பாருங்க, 6 முனை வெளிய வந்திருந்தா டெல்டாவா மாத்திக் குடுத்தா 230லயே முழு சக்தி கிடைக்கும். 3 முனை தான் இருக்குன்னா உள்ள ஸ்டார் முடிச்சை பிரிச்சு வெளிய எடுக்கணும், எந்த ரீவைண்டிங் கடையிலயும் செஞ்சு குடுப்பாங்க, புதுசா சுத்த வேண்டியதில்ல. அப்படியே மாட்டினீங்கன்னா மோட்டர் சுத்தும், ஆனா லோடு வந்தா நின்னு போயிடும்.

விஎஃப்டி இருந்தா ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வெட்டும்போது வேகத்தை பாதியா குறைச்சுக்கலாம், ஆனா 25 ஹெர்ட்ஸ்ல ரொம்ப நேரம் ஓட்டாதீங்க, மோட்டர் ஃபேனும் பாதி வேகத்துல தான் சுத்தும், சூடு ஏறும்.

#11 யாழ்_வெல்டர்

வணக்கம். நான் யாழ்ப்பாணத்திலை இருந்து எழுதிறன். நீங்கள் ஸ்கொயர் ட்யூப் எண்டு சொல்லிறதை நாங்கள் இஞ்சை பொக்ஸ் பார் எண்டு சொல்லுவம். ஒரு விசயம் மட்டும் சொல்லவேணும் எண்டு நினைச்சன். நாங்கள் கேட் வேலைக்கு கல்வனைஸ், அதாவது நாகம் பூசின பொக்ஸ் பார் தான் கூட பாவிக்கிறது. அதை கல்லு வட்டிலை வெட்டி, பிறகு அதுக்கு மேலை வெல்டிங் பிடிச்சால், அண்டைக்கு இரவு குளிர் காய்ச்சல் மாதிரி வரும், வாயெல்லாம் இரும்பு ருசி. நாக ஆவியாலை வாற காய்ச்சல் அது. பால் குடிச்சால் சரியாகும் எண்டு மூத்த ஆக்கள் சொல்லுவினம், நானும் கன காலம் நம்பி குடிச்சனான், பால் அதை நிப்பாட்டாது. புகையை சுவாசிக்காமல் இருக்கிறதுதான் வழி. மெதுவாய் வெட்டிற பிளேட்டிலை வெட்டேக்கை ஆவி வராது எண்டது எனக்கு பெரிய ஆறுதல், அதாலை நானும் உங்கடை மெசினை பாத்துக்கொண்டு இருக்கிறன்.

#12 சூலூர்_பட்டறை

அண்ணா நீங்க சொன்னதை தம்பிகிட்ட படிச்சுக் காட்டினேன். போன மாசம் அவனுக்கு ராத்திரி காய்ச்சல் வந்து காலையில தானா விட்டுடுச்சு, நாங்க மழையில நனைஞ்சதுன்னு நினைச்சுட்டோம். அன்னைக்கு ஜிஐ ட்யூப் (நாகம் பூசினது) வேலை தான் நடந்துச்சு. இனி மாஸ்க் இல்லாம தொட விடமாட்டேன்.

மெஷின் வேலை ஆரம்பிச்சாச்சு. மோட்டரை ஈரோட்டுக்காரர் சொன்ன மாதிரி பிரிச்சு 6 முனை எடுத்தாச்சு. கியர்பாக்ஸை பின்னாடி வெச்சு, முன்னாடி தனியா ஒரு ஷாஃப்ட் ரெண்டு யூசிபி பேரிங்ல (தாங்கு கட்டையோட வர்ற பேரிங்) நிக்க வெச்சு, நடுவுல செயின் போட்டு பிளேடை ஓட்டலாம்னு இருக்கேன், பைக் செயின் ஸ்ப்ராக்கெட் கையில இருக்கு.

#13 சூலூர்_பட்டறை

(9 நாள் கழிச்சு)

மனசு உடைஞ்சு போய் எழுதறேன். நேத்து சாயங்காலம் முதல் வெட்டு. பிளேடு மெல்ல இறங்கி மேல் சுவரை பட்டு மாதிரி வெட்டுச்சு, நானும் தம்பியும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்து சிரிச்சுட்டோம். ரெண்டு பக்க சுவருக்கு இறங்கினதும் டக் டக் டக்னு குதிக்க ஆரம்பிச்சுது, லீவரை தூக்கறதுக்குள்ள டப்புன்னு ஒரு சத்தம். புது பிளேடுல 7 பல்லு போச்சு. ட்யூபும் அதை இறுக்கிப் பிடிக்கிற வைஸ்ல திரும்பி நசுங்கி கிடக்கு. வேகம் சரி, பல்லு எண்ணிக்கை சரி, அப்புறம் ஏன் இப்படி ஆச்சுன்னு புரியல.

#14 பழைய_டூல்ரூம்

வருத்தப்படாதீங்க, பிளேடை தூக்கிப் போடாதீங்க, சாணை பிடிக்கிற இடத்துல குடுத்தா பல்லு முழுசா திரும்ப வெட்டிக் குடுப்பாங்க, விட்டம் கொஞ்சம் குறையும் அவ்வளவுதான்.

இப்ப ஒண்ணு பண்ணுங்க. கரண்டை ஆஃப் பண்ணிட்டு பிளேடு விளிம்பை கெட்டித் துணி போட்டு பிடிச்சு முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்க. எவ்வளவு சும்மா ஆடுதுன்னு அளந்து சொல்லுங்க.

#15 சூலூர்_பட்டறை

5 எம்எம் ஆடுதுங்க ஐயா. வைஸையும் சொல்லிடறேன், ட்யூபை இடது பக்கம் மட்டும் பிடிக்குது, வலது பக்கம் சும்மா நீட்டிட்டு இருக்கும்.

#16 பழைய_டூல்ரூம்

ரெண்டு காரணமும் நீங்களே சொல்லிட்டீங்க.

முதல்ல செயின். பல்லு சுவரை கடிக்கும்போது பிளேடு பின் தங்கும், கடிச்சு வெட்டி விட்டதும் அந்த 5 எம்எம் ஆட்டத்துல பிளேடு முன்னாடி குதிக்கும், குதிச்ச பிளேடு அடுத்த பல்லை ரெண்டு மடங்கு ஆழமா இறக்கும். சாதாரணமா ஒரு பல்லு 0.04 எம்எம் தான் எடுக்கணும், தலைமுடியோட தடிமன் கூட இருக்காது. 5 எம்எம் குதிக்கிற பிளேடுக்கு அந்த நுணுக்கம் எங்க வரும். மேல் சுவத்துல ஏன் நல்லா வெட்டுச்சுன்னா அங்க 25 எம்எம் அகலத்துல ஒரே நேரத்துல ஆறு பல்லு வேலை செய்யுது, எப்பவும் ஏதாவது ஒரு பல்லு இழுத்துப் பிடிச்சுட்டே இருக்கும். பக்க சுவத்துல ஒரு பல்லு இருக்கும் இல்ல அதுவும் இருக்காது.

அதனால செயினை கழட்டிப் போடுங்க. பிளேடு நேரா கியர்பாக்ஸ் அவுட்புட் ஷாஃப்ட்லயே உக்காரணும். லேத்துக்காரர்கிட்ட ஒரு ஹப் (பிளேடை ஷாஃப்ட்ல உக்கார வைக்கற குடம்) செய்யச் சொல்லுங்க: உள்ள ஷாஃப்ட் சைஸ், சாவி (ஹப்பும் ஷாஃப்டும் சேர்ந்து சுத்தறதுக்கு நடுவுல போடற கட்டை) தட்டித்தான் போகணும், கையால போகக் கூடாது. முன்னாடி பிளேடு ஓட்டைக்குள்ள போற 32 எம்எம் பாஸ், பின்னாடி பிளேடு சாஞ்சு உக்கார்ற 90 எம்எம் ஃபிளேஞ்சு. ஃபிளேஞ்சு முகத்தை ஹப்பை ஷாஃப்ட்ல மாட்டின அப்புறம் கடைசியா ஒரு லேசான வெட்டு எடுக்கணும், ஏன்னா அங்க ஒரு பாயிண்ட் ஆடினா விளிம்புல மூணு பாயிண்ட் ஆடும். பிளேடுல 45 எம்எம் வட்டத்துல ரெண்டு 8 எம்எம் ஓட்டை இருக்கும், அதுக்கு பின் வைங்க, பிளேடை திருப்பறது அந்த பின்தான், நட்டு இறுக்கி மட்டும் நம்பக் கூடாது. மோட்டரும் கியர்பாக்ஸும் பிளேடும் ஒரே கட்டா ஒரு கை மேல உக்காந்து மொத்தமா கீழ இறங்கணும். அந்தக் கை திரும்பற முளை ரெண்டு பேரிங்குக்கு நடுவுல குறைஞ்சது 300 எம்எம் அகலம் வைங்க. முளை பக்கத்துல பக்கத்துல இருந்தா பிளேடு பக்கவாட்டுல ஆடும், அந்தக் கோணல் தான் உங்களுக்கு பழைய மெஷின்லயும் வந்தது.

ரெண்டாவது வைஸ். ட்யூப் வெட்டற மெஷின்ல பாதி வேலை வைஸ் தான், நான் எத்தனையோ பேர்கிட்ட சொல்லி அலுத்தாலும் திரும்பச் சொல்றேன், மோட்டருக்கு செலவு பண்றதுல பாதியை வைஸுக்கு பண்ணுங்க. தாடை பிளேடுக்கு ரெண்டு பக்கமும் பிடிக்கணும், நடுவுல பிளேடு போக 4 எம்எம் சந்து மட்டும். ஒரு பக்கம் விட்டா துண்டு கடைசி கால் சுவத்துல சாஞ்சு பிளேடை நசுக்கும். பின் தாடை நகராம பேஸோட வெல்டிங், முன் தாடை மட்டும் நகரட்டும். பிளேடு சுத்தற திசை ட்யூபை கீழயும் பின் தாடைப் பக்கமும் அமுக்கற மாதிரி இருக்கணும், தூக்கற மாதிரி இருந்தா எவ்வளவு இறுக்கினாலும் பத்தாது.

#17 மதுரை_பேண்ட்சா

ஐயா, ஸ்கொயர் ட்யூபை படுக்க வைக்காம மூலை மேல பார்க்கற மாதிரி வி தாடையில வெச்சு வெட்டினா? என் பேண்ட் சாவுல அப்படித்தான் வெட்டறேன், பல்லு உடையறது பாதியா குறைஞ்சுது.

#18 பழைய_டூல்ரூம்

ரொம்ப சரி. மூலையிலேர்ந்து இறங்கினா சாய்வா சுவரை கடக்கும், 1.6 சுவரு 2.3 மாதிரி ஆகும், ஒரேயடியா 25 எம்எம் அகலமும் வராது, ஒரேயடியா காலியாவும் போகாது. நேர் வெட்டு மட்டும்னா அப்படியே செய்யுங்க. 45 டிகிரி வெட்டும் வேணும்னா படுக்க வெச்சுத்தான் ஆகணும், மூலை மேல வெச்சு 45 அளக்கறது பெரிய தலைவலி. இன்னொரு பழக்கம் எனக்கு உண்டு, ட்யூபோட தையல், அதான் நீளவாக்குல வெல்டிங் கோடு, பல்லு முதல்ல இறங்கற இடத்துல வராம திருப்பி வெச்சுப்பேன்.

#19 சூலூர்_பட்டறை

எனக்கு 45ம் வேணும் ஐயா, ரேக்கு மேல் சட்டம் எல்லாம் 45 தான். படுக்க வெச்சே செய்யறேன். செயினை இன்னைக்கே கழட்டிட்டேன்.

கையால லீவர் இறக்கறதுல எனக்கு ஒரு பயம் இருக்கு. நான் பொறுமையா இறக்குவேன், தம்பி அவசரத்துல அமுக்கிடுவான்.

#20 வடசென்னை_ஃபேப்

அண்ணே இதுக்கு என்கிட்ட ஒரு யோசனை இருக்கு, இந்த தடவை செஞ்சு பார்த்துட்டு தான் சொல்றேன். புதுப்பேட்டையில பழைய பைக் ஷாக் அப்சார்பர் வாங்கி ஸ்ப்ரிங்கை கழட்டிடுங்க. பைக் ஷாக் அமுக்கும்போது லேசா போகும், இழுக்கும்போது தான் இறுக்கமா மெதுவா வரும். அதனால மெஷின் தலை கீழ இறங்கும்போது ஷாக் நீள்ற மாதிரி மாட்டணும், முளைக்கு அந்தப் பக்கம். நான் என் டிரில்லிங் மெஷின்ல மாட்டி பார்த்தேன், எவ்வளவு அமுக்கினாலும் அதோட வேகத்துல தான் இறங்குது. முளைக்கு கிட்ட மாட்டினா வேகமா இறங்கும், தள்ளி மாட்டினா மெதுவா இறங்கும், நாலஞ்சு ஓட்டை போட்டு வெச்சுக்கிட்டா மாத்திக்கலாம்.

#21 பழைய_டூல்ரூம்

அருமையான யோசனை. பெரிய மெஷின்ல ஹைட்ராலிக் செக் சிலிண்டர்னு இதே வேலைக்குத்தான் வெச்சிருப்பாங்க. கணக்குக்கு பாருங்க, பல்லுக்கு 0.04, 200 பல்லு, 36 ஆர்பிஎம், நிமிஷத்துக்கு 288 எம்எம். 25 எம்எம் ட்யூபுக்கு 5 நொடி. ஆரம்பத்துல 10 நொடி ஆகற மாதிரி வைங்க.

இன்னும் ரெண்டு விஷயம் விட்டுப் போச்சு. ஒண்ணு கூலண்ட், அதாவது வெட்டற இடத்துல ஊத்தற குளிர்விக்கிற தண்ணி. கரையற கட்டிங் ஆயில், 20 பங்கு தண்ணிக்கு ஒரு பங்கு, பால் மாதிரி வெள்ளையா வரும். ஏர் கூலர் பம்ப்பே போதும், ஆனா தண்ணிக்குள்ள 230 வோல்ட் இருக்குங்கறதை மறக்கக் கூடாது, எர்த்தும் இஎல்சிபியும் (கரண்டு கசிஞ்சா உடனே லைனை அறுக்கற பிரேக்கர்) இல்லாம மாட்டவே மாட்டாதீங்க. திரும்பி வர்ற வழியில கொசுவலையும் ஒரு பழைய ஸ்பீக்கர் காந்தமும் வெச்சா சீவல் பம்ப்புக்குள்ள போகாது.

ரெண்டாவது, இதை நான் பெரிய எழுத்துல எழுதணும்னு நினைக்கிறேன். 36 ஆர்பிஎம்ல சுத்தற பிளேடை பார்த்தா ஒண்ணும் பண்ணாதுன்னு தோணும், ராட்டினம் மாதிரி சுத்தும். ஆனா கியர்பாக்ஸ் வழியா வர்ற இழுவை 1 எச்பி மோட்டரை நாப்பது மடங்கு முறுக்கினது, கையுறை நுனி மாட்டினா அது நிக்காது, விரலோட இழுத்துட்டு போகும். இந்த மெஷின்ல கையுறை போடக் கூடாது. மேல் பாதி பிளேடு தகடு போட்டு மூடணும். சுவிட்ச் லீவர் கைப்பிடியிலயே இருக்கணும், கை எடுத்தா நிக்கணும். கரண்டு போய் திரும்பி வந்தா தானா ஓடக் கூடாது.

#22 ஈரோடு_ரீவைண்டிங்

கடைசி விஷயத்துக்கு விஎஃப்டியிலேயே வழி இருக்கு. ரன் சிக்னலை கைப்பிடி சுவிட்ச்ல குடுங்க, செட்டிங்ல கரண்டு வந்ததும் தானா ஸ்டார்ட் ஆகற ஆப்ஷன் ஒண்ணு இருக்கும், அதை ஆஃப்ல வைங்க. விஎஃப்டிக்கும் மோட்டருக்கும் நடுவுல மட்டும் எந்த சுவிட்சும் போடாதீங்க, ஓடும்போது அதை பிரிச்சா விஎஃப்டி அடி வாங்கும்.

#23 மெக்கட்ரானிக்ஸ்_மூணாம்வருஷம்

ஐயா ஒரு சந்தேகம். நீளத்துக்கு ஸ்டாப்பர் வெக்கிறோம்ல, ட்யூப் அதுல முட்டிட்டு இருக்கும்போதே வெட்டலாமா? நான் படம் வரைஞ்சு பார்த்தேன், துண்டு அந்தப் பக்கம் ஸ்டாப்பர், இந்தப் பக்கம் பிளேடுன்னு ரெண்டுக்கும் நடுவுல மாட்டிக்கிற மாதிரி தெரியுது.

#24 பழைய_டூல்ரூம்

படம் வரைஞ்சு பார்த்தே கண்டுபிடிச்சுட்டியேம்மா. மாட்டிக்கும், சாஞ்சு பிளேடை கடிக்கும். அதனால ஸ்டாப்பர் மடங்கற மாதிரி இருக்கணும்: ட்யூபை முட்ட விடு, வைஸை இறுக்கு, ஸ்டாப்பரை மேல தூக்கி விடு, அப்புறம் வெட்டு. கீல் வெச்ச ஒரு பட்டை போதும். நீ ஆட்டோமேட்டிக் பண்ணும்போதும் இதே வரிசையை ப்ரோக்ராம்ல வெச்சுக்கோ.

இந்தப் பக்கம் 6 மீட்டர் ட்யூப் மீதியை தாங்கறதுக்கும் ரோலர் ஸ்டாண்டு வேணும். முழு ட்யூப் 7 கிலோ இருக்கும், வால் தொங்கினா வைஸ்ல மூக்கு தூக்கும், எவ்வளவு நல்ல மெஷினும் கோணலா தான் வெட்டும். நூல் கட்டி மட்டம் பாருங்க.

#25 சூலூர்_பட்டறை

(3 வாரம் கழிச்சு)

எல்லாருக்கும் வணக்கமுங்க. ஓடுது.

ஹப் ரெண்டு தடவை செய்ய வேண்டியதா போச்சு, முதல் ஹப்புல சாவி லூஸா இருந்துச்சு, லேத்துக்காரர் அவரே வேண்டாம்னு ஒதுக்கிட்டு புதுசா செஞ்சு குடுத்தார், கூலி ஒரு தடவைக்குத்தான் வாங்கினார். ஆட்டம் இப்ப விளிம்புல அரை எம்எம் கூட இல்ல. சாணை பிடிச்ச அதே பிளேடு தான், 246 எம்எம் ஆயிடுச்சு. ஷாக் அப்சார்பர் மூணாவது ஓட்டையில மாட்டினா சரியா 9 நொடி.

முதல் நாள் 200 துண்டு தம்பியே வெட்டினான், ஒரு பல்லு போகல. 600 எம்எம் துண்டு இருபதை சேர்த்து நிறுத்தி தட்டிப் பார்த்தேன், ஜாஸ்தி குறைச்சல் 0.3 எம்எம்க்குள்ள. மூலைமட்டம் வெச்சா வெளிச்சம் தெரியல. வெளிப் பிசிறு இல்லவே இல்ல, உள்ள கீழ் சுவத்துல மட்டும் முடி மாதிரி ஒண்ணு, அரம் ஒரு இழுப்பு இழுத்தா போயிடுது. சீவல் எல்லாம் கமா மாதிரி சுருண்டு வெள்ளையா விழுது, ஒண்ணு கூட நீலம் ஆகல. வெட்டின துண்டை உடனே கையில எடுத்தா சில்லுன்னு இருக்கு, அதை தம்பி வர்றவங்க போறவங்க எல்லார் கையிலயும் குடுத்து தொட்டுப் பாக்கச் சொல்றான்.

பக்கத்து வீட்டம்மா நேத்து வந்து, ரெண்டு நாளா பட்டறை லீவான்னு கேட்டாங்க. மெஷின் அப்ப ஓடிட்டு தான் இருந்துச்சு.

#26 யாழ்_வெல்டர்

வாசிக்க நல்ல சந்தோசமாய் இருக்கு. ஹப்பின்ரை அளவும் கையின்ரை நீளமும் ஒருக்கா தருவியளே? என்னட்டை இருக்கிற கியர்பொக்ஸ் 50க்கு 1.

#27 பழைய_டூல்ரூம்

50க்கு 1 னா 29 ஆர்பிஎம் வரும் தம்பி, 300 எம்எம் பிளேடு போட்டீங்கன்னா விளிம்பு வேகம் அதே 27, 28 மீட்டர் வந்துடும். பல்லு இடைவெளி 4 எம்எம் மாறாம இருக்க 240 பல்லு கேளுங்க.

#28 சூலூர்_பட்டறை

யாழ் அண்ணாவுக்கு: முளையிலேர்ந்து பிளேடு நடு வரைக்கும் 380 எம்எம், முளை பேரிங் ரெண்டுக்கும் நடுவுல 320, பாஸ் நீளம் 6, ஃபிளேஞ்சு 90. ஹப் உள் சைஸ் மட்டும் உங்க கியர்பாக்ஸை அளந்து பண்ணிக்கங்க. கைல வரைஞ்ச படத்தை ஸ்கேன் பண்ணி போடறேன்.

ஐயா, 45 டிகிரிக்கு வைஸை திருப்பறதுக்கு அடியில ஒரு போல்ட் முளை வெச்சு, வளைஞ்ச காடி வெட்டி இறுக்கியிருக்கேன். ஆனா 90க்கும் 45க்கும் மாத்தி மாத்தி திருப்பும்போது ஒவ்வொரு தடவையும் மூலைமட்டம் வெச்சு சரி பார்க்க வேண்டியிருக்கு, அதுலயே பத்து நிமிஷம் போகுது.

#29 பழைய_டூல்ரூம்

காடி இறுக்கறதுக்கு மட்டும், இடம் பிடிக்கறதுக்கு இல்ல. வைஸை 90ல சரியா நிறுத்தி இறுக்கி, வைஸ் பேஸையும் கீழ் தட்டையும் சேர்த்து ஒரே டிரில்லா 9.8 போட்டு, 10 ரீமர் (ஓட்டையை சரியான அளவுக்கு வழிக்கற டூல்) விட்டு, டவல் பின் (இடம் மாறாம நிறுத்தற இறுக்கமான உருளை முளை) போடுங்க. அப்புறம் 45ல நிறுத்தி ஒரு துண்டு வெட்டிப் பாருங்க, ரெண்டு துண்டை சேர்த்து வெச்சு மூலைமட்டம் ஒத்துப்போற வரைக்கும் தட்டித் தட்டி சரி பண்ணி, அங்கயும் அதே மாதிரி இன்னொரு ஓட்டை. முளையிலேர்ந்து எவ்வளவு தள்ளி பின் வெக்க முடியுமோ அவ்வளவு தள்ளி வைங்க. அதுக்கு மேல பின்னை உருவி, திருப்பி, குத்தினா போதும்.

#30 சூலூர்_பட்டறை

10 எம்எம் ரீமர் லேத்துக்காரர்கிட்டயே இருக்காம். ஞாயித்துக்கிழமை அவரையே கூப்பிட்டிருக்கேன், போட்டுட்டு அளவு சொல்றேங்க ஐயா.